முதல் வீட்டுக்கு முன்பணம் எவ்வளவு, கடன் எவ்வளவு? வட சென்னையில் வாங்குவோருக்கு ஓர் ஒப்பீடு

பெரம்பூர், கொளத்தூர், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கம் முதன்முதலாக வீடு வாங்கக் கிளம்பும் குடும்பங்களிலிருந்து வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் முட்டி நிற்கின்றன. வீடு பிடித்துவிட்டது, விலையும் பேசியாகிவிட்டது. ஆனால் கையில் இருப்பதையெல்லாம் துடைத்துப் போட்டுக் கடனைக் குறைப்பதா, வங்கி தருகிற வரைக்கும் வாங்கிக்கொண்டு நகையையும் சேமிப்பையும் தொடாமல் வைத்துக்கொள்வதா, இரண்டு ஆண்டு பொறுத்திருப்பதா என்பதில் கணவன் மனைவிக்குள்ளேயே பேச்சு ஒத்துப்போவதில்லை. மூன்று வழிக்கும் நியாயம் உண்டு என்பதால், எந்தச் சூழ்நிலைக்கு எது பொருந்தும் என்பதைக் கணக்கோடு பார்ப்போம்.

கணக்குக்காக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறார், மனைவி தனியார் பள்ளியில் ஆசிரியை. இருவருக்குமாகச் சேர்த்து மாதம் 85,000 ரூபாய் கைக்கு வருகிறது. வங்கிச் சேமிப்பும் வருங்கால வைப்பு நிதியில் எடுக்கக்கூடியதும் சேர்ந்து 12 லட்சம். குடியிருக்கும் லீஸ் வீட்டுக்காக உரிமையாளரிடம் கொடுத்து வைத்திருப்பது 8 லட்சம். விற்றால் 8 லட்சம் தேறும் அளவுக்கு நகை இருக்கிறது. பார்த்திருப்பது 50 லட்சம் ரூபாய்க்கு ஒரு பழைய அடுக்குமாடி வீடு. வட்டியை எல்லா இடத்திலும் ஆண்டுக்கு 8 சதவீதம் என்றே வைத்திருக்கிறேன். உங்களுக்குக் கிடைப்பது இதற்கு முன்பின் இருந்தாலும் ஒப்பீட்டின் போக்கு மாறாது.

## எதை வைத்து அளப்பது

பெரும்பாலோர் முதலில் பார்ப்பது மொத்த வட்டியை. இருபது ஆண்டில் வாங்கிய கடனுக்குச் சமமாக வட்டியும் கட்டப்போகிறோம் என்பதைக் கண்டதும் நகையை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடத் தோன்றும். என் பார்வையில் மொத்த வட்டி நான்காவது இடத்துக்கு உரியது. அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை மூன்று.

முதலாவது, பத்திரப் பதிவு அன்று எல்லாச் செலவும் போக நம் கையிலிருந்து எவ்வளவு போக வேண்டும் என்பது. இரண்டாவது, இருவரில் ஒருவர் சம்பளம் நின்றுபோனால் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்க முடியும் என்பது. மூன்றாவது, எடுத்த முடிவைப் பிறகு மாற்றிக்கொள்ள முடியுமா என்பது. இந்த மூன்றாவதைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தனிநபர் பெயரில் உள்ள, மாறும் வட்டி கொண்ட வீட்டுக் கடனை எப்போது முன்கூட்டி அடைத்தாலும் அபராதக் கட்டணம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. வீட்டுக்கடன் நிறுவனங்களுக்கும் அதே விதிதான். ஆகவே அதிகமாக வாங்கிய கடனை அடுத்த ஆண்டே குறைத்துக்கொள்ளலாம். வீட்டில் போட்ட முன்பணத்தை அப்படித் திரும்ப எடுக்க முடியாது. எடுக்க வேண்டுமானால் அதே வீட்டின் மேல் மறுபடி கடன் கேட்டுத்தான் நிற்க வேண்டும், அதுவும் வேலை போன நேரத்தில் கேட்டால் கிடைக்காது.

## பதிவு நாளன்று கையில் இருக்க வேண்டியது

வங்கி எவ்வளவு தரலாம் என்பதற்கு ரிசர்வ் வங்கி வரம்பு வைத்திருக்கிறது. கடன் தொகை 30 லட்சம் வரை என்றால் வீட்டு மதிப்பில் 90 சதவீதம், 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம். 10 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்கு இந்த மதிப்பில் முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் சேர்க்க முடியாது. நம் 50 லட்சம் ரூபாய் வீட்டுக்கு உச்சமாக 40 லட்சம் கிடைக்கும். பதிவுச் செலவு முழுதும் நம் தலையில்.

தமிழ்நாட்டில் பழைய வீட்டின் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 5, சொத்து மாற்ற வரி 2, பதிவுக் கட்டணம் 2 என்று மொத்தம் 9 சதவீதம் ஆகிறது. பத்திரத்தில் காட்டும் விலை, அரசின் வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது கூடுதலோ அதன்மேல்தான் இந்தக் கணக்கு. நம் வீட்டுக்கு 4.5 லட்சம். புரோக்கர் கமிஷன், வக்கீல் கருத்துரை, வங்கியின் பரிசீலனைக் கட்டணம், பத்திரத்தை வங்கியில் ஒப்படைப்பதற்கான ஆவணப் பதிவு, பத்திர எழுத்தர் செலவு எல்லாம் சேர்த்து இன்னொரு 1.2 லட்சம். ஆக விலைக்கு மேல் 5.7 லட்சம் தனியாக வேண்டும்.

கட்டுநரிடம் நேரடியாக வாங்கும் புதிய அடுக்குமாடி வீட்டுக்குக் கணக்கு வேறு. 2023 டிசம்பர் முதல் நிலமும் கட்டடமும் சேர்ந்த கூட்டு மதிப்பில் பதிவு நடக்கிறது. 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4 சதவீதம், 3 கோடி வரை 5 சதவீதம், அதோடு பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பதிவில் இப்படி மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ கட்டி முடிக்காத வீட்டுக்கான ஜி.எஸ்.டி. விழுங்கிவிடும்: 45 லட்சம் ரூபாய்க்கும் 60 சதுர மீட்டர் கார்ப்பெட் பரப்புக்கும் (வீட்டுக்குள் பயன்படும் தரைப்பரப்பு) உட்பட்டது என்றால் 1 சதவீதம், மற்றவற்றுக்கு 5 சதவீதம். பணி முடிப்புச் சான்று வாங்கிய பிறகு விற்கும் வீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் விற்பவருக்குக் கொடுக்கும் தொகையில் 1 சதவீதத்தைப் பிடித்து வருமான வரித்துறையில் நாம்தான் கட்ட வேண்டும். அது கூடுதல் செலவாகாது, ஆனால் மறந்தால் அபராதம் வாங்குபவருக்கே வரும்.

"பத்திரத்தில் 40 லட்சம் காட்டுவோம், 10 லட்சம் ரொக்கமாகக் கொடுத்துவிடுங்கள்" என்று விற்பவர் சொல்வதும் இங்கே வழக்கம்தான். பதிவுச் செலவில் 90,000 ரூபாய் மிச்சம் என்பதால் வாங்குபவருக்கும் அது இனிக்கும். ஆனால் வங்கி 40 லட்சத்துக்கு 80 சதவீதமாக 32 லட்சம் மட்டுமே தரும். 90,000 மிச்சம் பிடிக்கப் போய் 8 லட்சத்தைக் கூடுதலாகப் புரட்ட வேண்டி வரும். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டமும் தடை செய்கிறது. நாளைக்கு நாம் விற்கும்போது வாங்கிய விலை 40 லட்சம் என்றே கணக்கில் நிற்பதால், இன்று மிச்சம் பிடித்ததை அன்று மூலதன ஆதாய வரியாகக் கட்டுவோம்.

## வழி ஒன்று: குறைந்த முன்பணம், நீண்ட கடன்

விலையில் 10 லட்சம், செலவுக்கு 5.7 லட்சம் என 15.7 லட்சம் நம் பணம். 40 லட்சம் கடன், 20 ஆண்டு. மாதத் தவணை 33,458 ரூபாய். மொத்த வட்டி ஏறத்தாழ 40.3 லட்சம். கையிருப்பில் 4.3 லட்சம் மிஞ்சும், நகை அப்படியே இருக்கும். வேறு செலவைச் சேர்க்காமல் பார்த்தால் மிஞ்சிய பணமே பன்னிரண்டு தவணைக்கு வரும், நகையை அடகு வைத்தால் இன்னும் நீளும்.

இதில் மறைந்திருக்கும் ஆபத்து வட்டி ஏற்றம். 2019 அக்டோபர் முதல் வங்கிகள் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் பெரும்பாலும் ரெப்போ விகிதத்தோடு (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டி) கட்டப்பட்டவை. 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ, 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆனது. அப்போது பலருக்குத் தவணைத் தொகை மாறவில்லை. மாறாமல் இருந்ததாலேயே விஷயம் கண்ணில் படவில்லை. கணக்கு அறிக்கையை எடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் மீதமுள்ள மாதங்களின் எண்ணிக்கை தெரிந்தது. நம் உதாரணத்தில் வட்டி 8-லிருந்து 9 ஆகி, தவணையைத் தொடாமல் விட்டால், 240 மாதம் 304 மாதமாகிவிடும். ஒரு சதவீதத்துக்கு ஐந்து ஆண்டு! தவணையை 2,531 ரூபாய் உயர்த்திக்கொண்டால் அதே 240 மாதத்தில் முடியும். வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, வங்கி அனுமதித்தால் நிலையான வட்டிக்கு மாறுவதா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. வங்கியிலிருந்து அப்படி ஒரு கடிதம் வந்தால் மடித்து வைத்துவிடாதீர்கள்.

கடன் காலத்தை 30 ஆண்டாக்கினால் தவணை 29,351-ஆகக் குறையும். மாதம் நாலாயிரம் மிச்சம் பார்க்கப் போய் மொத்த வட்டி 65.7 லட்சமாகும். கடன் தகுதி பெற வேறு வழியில்லை என்றால் தவிர இதை எடுக்க வேண்டாம்.

வங்கியில் கையெழுத்துப் போடும்போது "கடன் காப்பீடு" என்று ஒற்றைப் பிரீமியத்தைக் கடன் தொகையிலேயே ஏற்றிவிடுவதும் உண்டு. பிரீமியத்துக்கும் இருபது ஆண்டு வட்டி கட்டுகிறோம் என்பது அந்த மேசையில் யாரும் சொல்லாத செய்தி. ஆயுள் காப்பீடு தேவைதான், அதைத் தனியாக டேர்ம் பாலிசியாக (குறித்த காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தரும் காப்பீடு) எடுத்துக்கொள்ளலாம்.

இந்த வழி யாருக்கு நல்லது? இருவரில் ஒருவர் வேலை உறுதியில்லாதது, வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள், அடுத்த சில ஆண்டுகளில் மருத்துவமோ பிள்ளைகளின் கல்லூரிச் செலவோ வரும் என்பவர்களுக்கு. ஆண்டுக்கு ஒரு தவணையை மட்டும் கூடுதலாகக் கட்டினாலே இந்த 20 ஆண்டுக் கடன் மூன்று ஆண்டுக்கு மேல் முன்னதாக முடியும் என்பதால், நீண்ட கடனை எடுத்துவிட்டுச் சுருக்கிக்கொள்வது நம் கையில் இருக்கிறது.

## வழி இரண்டு: பெரிய முன்பணம், குறுகிய கடன்

நகையை விற்று, 20 லட்சம் முன்பணம், 5.7 லட்சம் செலவு. கடன் 30 லட்சம், 15 ஆண்டு. தவணை 28,670 ரூபாய், மொத்த வட்டி 21.6 லட்சம். முதல் வழியோடு பார்த்தால் வட்டியில் 18.7 லட்சம் குறைவு. ஆனால் அதில் பாதியளவு கடன் சிறியதாக இருப்பதால் வந்தது, மற்ற பாதி காலம் குறைந்ததால் வந்தது. அந்த மற்ற பாதியை முதல் வழிக்காரரும் கூடுதல் தவணை கட்டிப் பெரும்பகுதி ஈட்டிவிட முடியும். வட்டி ஒரு சதவீதம் ஏறினாலும் இங்கே 180 மாதம் 206 மாதமாகத்தான் நீளும்.

விலையாகக் கொடுப்பது கையிருப்பு. மிஞ்சுவது 2.3 லட்சம், எட்டுத் தவணை, நகையும் இல்லை. பழைய வீட்டுக்குக் குடிபோன முதல் ஆண்டில் மோட்டார், வயரிங், மொட்டை மாடி ஒழுகல், சங்கத்தின் பழைய பாக்கி என்று ஏதாவது வந்தே தீரும். வியாசர்பாடி, கொடுங்கையூர், புளியந்தோப்பு போன்ற தாழ்வான பகுதிகளில் தரைத்தள வீடு என்றால் 2015 வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் நினைவில் வைத்துத்தான் கையிருப்பைத் தீர்மானிக்க வேண்டும்.

கையிருப்பை வைத்துக்கொள்வதற்கு என்ன செலவு என்பதையும் பார்த்துவிடலாம். 4 லட்சத்தைக் கடனில் கட்டாமல் 6.5 சதவீத வைப்பில் போட்டால், 8 சதவீதக் கடனோடு பார்க்க ஆண்டுக்கு 6,000 ரூபாய் நஷ்டம். மாதம் 500 ரூபாய். அவசரத்துக்குக் கை நீட்டாமல் இருக்க அது பெரிய விலை அன்று. சில வங்கிகள் ஓவர்டிராஃப்ட் முறையில் தரும் வீட்டுக் கடனில் சேமிப்பைக் கடன் கணக்கிலேயே போட்டு வைத்து வட்டியைக் குறைத்து, வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். வட்டி சற்றுக் கூடுதலாக இருக்கும்.

இரண்டாவது வழி ஒத்துவருவது அரசு வேலை, ஓய்வூதியம் போன்று வருமானம் உறுதியானவர்களுக்கும், ஐம்பது வயதை நெருங்கியதால் நீண்ட கடன் கிடைக்காதவர்களுக்கும். கையில் பணம் இருந்தால் உறவுக்காரர் கேட்டதும் கொடுத்துவிடும் மனசுக்காரர்களையும் இதில் சேர்க்கலாம். அவர்களுக்குப் பணம் சுவருக்குள் இருப்பதே பாதுகாப்பு.

வரிச் சலுகைக்காகக் கடனைப் பெரிதாக வைத்திருக்கச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சொந்தக் குடியிருப்புக்கு ஆண்டுக்கு 2 லட்சம் வரை வட்டிக் கழிவு பழைய வரி முறையில் மட்டுமே உண்டு. புதிய முறைக்குப் போய்விட்டவருக்கு அந்த வாதம் இல்லை.

## வழி மூன்று: காத்திருத்தல்

இரண்டு ஆண்டு பொறுத்து மாதம் 20,000 சேர்த்தால் 4.8 லட்சம் கூடும். விலை ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுவதாக வைத்தால் அதே வீடு 55.1 லட்சமாகும், தேவைப்படும் சொந்தப் பணம் 17.2 லட்சமாகவும் கடன் 44.1 லட்சமாகவும் உயரும். கையிருப்பு மூன்று லட்சம் கூட, கடன் நான்கு லட்சம் கூடுகிறது. விலை ஏறாமல் நின்றால் காத்திருந்தவருக்கு லாபம். லீஸ் வீட்டில் வாடகை இல்லை என்பதால் இந்தக் காத்திருப்பு மலிவு. வாடகை வீட்டில் இருப்பவருக்கு அப்படியில்லை.

"மெட்ரோ வந்தால் விலை எகிறும், இப்போதே வாங்குங்கள்" என்ற அவசரத்துக்கு மயங்க வேண்டாம். விம்கோ நகர் வரை 2021 பிப்ரவரியிலேயே ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. மாதவரத்திலிருந்து பெரம்பூர் வழியாகப் போகும் தடத்தின் வேலையும் ஊரறிந்தது. விற்பவர் சொல்லும் விலையில் அதெல்லாம் ஏற்கெனவே ஏறியிருக்கும்.

| | குறைந்த முன்பணம் | பெரிய முன்பணம் | இரண்டு ஆண்டு கழித்து |
|---|---|---|---|
| சொந்தப் பணம் (செலவு உட்பட) | 15.7 லட்சம் | 25.7 லட்சம் | 17.2 லட்சம் |
| கடன், காலம் | 40 லட்சம், 20 ஆண்டு | 30 லட்சம், 15 ஆண்டு | 44.1 லட்சம், 20 ஆண்டு |
| மாதத் தவணை | 33,458 | 28,670 | 36,887 |
| மொத்த வட்டி | 40.3 லட்சம் | 21.6 லட்சம் | 44.4 லட்சம் |
| மிஞ்சும் கையிருப்பு | 4.3 லட்சம், நகை | 2.3 லட்சம், நகை இல்லை | 7.6 லட்சம், நகை |
| வட்டி 1 சதவீதம் ஏறித் தவணை மாறாவிட்டால் | 304 மாதம் | 206 மாதம் | 304 மாதம் |

இந்தக் குடும்பத்துக்கு நான் சொல்வது முதல் வழி, ஆண்டுக்கு ஒரு கூடுதல் தவணையோடு. நகையை விற்க வேண்டாம்.

முன்பணத்துக்கே தனிநபர் கடன் வாங்குவதை ஒரு வழியாக நான் சேர்க்கவில்லை. வட்டி அதிகம் என்பதோடு, எல்லாத் தவணைகளும் கைக்கு வரும் சம்பளத்தில் சுமார் பாதிக்குள் அடங்குகிறதா என்று வங்கி பார்ப்பதால், அந்தத் தவணை வீட்டுக் கடன் தகுதியையே தின்றுவிடும். நகைக் கடனுக்கு ஓர் இடம் உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

## யாரிடம் வாங்குவது: வங்கியா, வீட்டுக்கடன் நிறுவனமா

பொதுத்துறை வங்கியில் வட்டி குறைவு. ரெப்போ இறங்கினால் மூன்று மாதத்துக்குள் நமக்கும் இறங்கும். 2025-இல் ரெப்போ 6.5-லிருந்து 5.25-க்கு இறங்கியபோது பலன் நேராக வந்தது வங்கியில் கடன் வாங்கியவர்களுக்குத்தான். வீட்டுக்கடன் நிறுவனங்கள் தங்கள் சொந்த அடிப்படை விகிதத்தை வைத்துக்கொள்வதால் ஏறும்போது காட்டும் வேகத்தை இறங்கும்போது எதிர்பார்க்க முடியாது.

வட்டியை மட்டும் பார்த்தால் முடிவு எளிது. வட சென்னையில் காகிதம் குறுக்கே வரும். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் தெருவில் நின்றபடியே மாடிகளை எண்ணுவார். அங்கீகரித்த வரைபடத்தில் தரைத்தளமும் இரண்டு மாடியும் இருக்க, நேரில் மூன்றாவது மாடி நின்றால், அந்த மேல்மாடி வீட்டுக்குக் கடன் நின்றுபோகும். கீழ் மாடிகளுக்கும் கேள்வி வரும். பிரிபடாத நிலப் பங்கு (அடுக்குமாடி நிற்கும் நிலத்தில் நம் வீட்டுக்கு உரிய பங்கு) மிகச் சிறியது, கட்டடத்துக்கு வயது அதிகம், அரசு வீட்டு வாரியம் ஒதுக்கிய வீட்டுக்கு வாரியத்திடமிருந்து கிரயப் பத்திரம் பெறாமல் பவர் பத்திரத்தில் கை மாறியிருக்கிறது, மனை கோயில் நிலத்தில் இருக்கிறது என்றாலும் அப்படித்தான். வங்கி மறுத்த காகிதத்தை நிறுவனம் ஏற்றுக்கொள்கிறது என்றால் அதை நல்ல செய்தியாக எடுக்காமல், நாளை நாம் விற்கும்போது வாங்குபவருக்கும் வங்கி மறுக்கும் என்று புரிந்துகொள்வது நல்லது.

நிறுவனம் உண்மையிலேயே உதவும் இடம் வருமானச் சான்று. எம்.சி. ரோட்டில் துணிக்கடை, காசிமேட்டில் மீன் வியாபாரம், திருவொற்றியூரில் லேத் பட்டறை என்று தொழில் செய்பவருக்குக் கையில் வருமானம் இருந்தாலும் வரிக் கணக்கில் அது தெரியாது. நிறுவனம் வங்கிக் கணக்கு வரவு செலவைப் பார்த்துத் தரும். அப்படி வாங்கியவர் இரண்டு மூன்று ஆண்டு ஒழுங்காக வரிக் கணக்குத் தாக்கல் செய்துவிட்டு, மீதிக் கடனை வங்கிக்கு மாற்றிக்கொள்ளலாம். மாறும் வட்டி என்றால் வெளியேறக் கட்டணம் இல்லை.

வருமானம் குறைவாக உள்ளவர்கள் பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் 2024-இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தையும் பார்க்க வேண்டும். ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள், வீட்டு விலை 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள், நாட்டில் எங்கும் சொந்தமாக பக்கா வீடு இல்லை என்றால், முதல் 8 லட்சம் கடனுக்கு 4 சதவீத வட்டி மானியம் உண்டு, உச்சம் 1.8 லட்சம்.

## லீஸ் பணமும் ஒப்பந்தத் தேதியும்

எந்த வழியானாலும் அந்த 8 லட்சம் லீஸ் பணம் சரியான நாளில் வருமா என்பது தனிப் பிரச்சினை. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், அடுத்து லீஸுக்கு வருபவர் கொடுக்கும் பணத்திலிருந்துதான் பெரும்பாலான உரிமையாளர்கள் திருப்பித் தருகிறார்கள். அவர் வந்து பார்த்து, பிடித்து, பணம் கட்ட இரண்டு மூன்று மாதம் ஆகலாம்; நாம் காலி செய்யாமல் அவர் வர மாட்டார், பணம் வராமல் நாம் காலி செய்ய முடியாது. நகைக் கடனுக்கு இடம் இங்கேதான். லீஸ் பணம் வரும் வரைக்கும் சில மாதத்துக்கு நகையை வங்கியில் வைத்துப் பதிவை முடித்து, பணம் வந்ததும் மீட்டுவிடலாம்.

விற்பவரோடு கிரய ஒப்பந்தம் போடும்போது ஒரு மாதக் கெடுவுக்கு ஒத்துக்கொள்ளாமல் குறைந்தது மூன்று மாதம் கேளுங்கள். காகிதக் குறையால் வங்கி கடனை மறுத்தால் அட்வான்ஸ் தொகையைப் பிடித்தமின்றித் திருப்பித் தர வேண்டும் என்ற வரியையும் எழுதி வாங்குங்கள். வில்லங்கச் சான்றையும் தாய்ப் பத்திரத்தையும் வரைபட நகலையும் வக்கீலிடம் காட்டிய பிறகே அட்வான்ஸ் கொடுங்கள். அந்த வரியை எழுத மறுக்கும் விற்பனையாளருக்குத் தன் காகிதத்தைப் பற்றி நமக்குத் தெரியாத ஏதோ தெரிந்திருக்கிறது.